கம்பியும் காற்றும்: வைஃபை பாஸ்வேர்டு பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வைஃபை பாஸ்வேர்டு பற்றியவை. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. நான் கோவில்பட்டிப் பக்கம் கேபிள் டிவி கம்பி இழுத்துவிட்டு, அப்புறம் ஃபைபர் வேலைக்கு வந்தவன். தினமும் யாராவது ஒருவர் வீட்டில் வைஃபை தரும் இந்த ரூட்டர் பெட்டியின் முன்னால் நிற்கிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

தம்பி, நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. மாடியில் குடியிருந்தவர்களுக்கு வைஃபை பாஸ்வேர்டு கொடுத்திருந்தேன். பங்குனியில் காலி செய்து பக்கத்து வீட்டு மாடிக்கே போய்விட்டார்கள். இப்போதும் சாயங்காலம் ஆனால் நெட் நகரவே மாட்டேன் என்கிறது, பேத்தியோடு வீடியோவில் பேச முடியவில்லை. நெட்காரப் பையனைக் கூப்பிட்டால் "நாளைக்கு வர்றேன் டீச்சர்" என்கிறான். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, செல்போன் மட்டும்தான். பாஸ்வேர்டை நானே மாற்ற முடியுமா?
- வாசகி, பாளையங்கோட்டை

முடியும் டீச்சர். செல்போனே போதும். அந்தப் பையனுக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பெட்டியை நீங்களே திறந்து பார்க்கத் தெரிந்துகொள்வதுதான் நல்லது. என் தொழில்காரர்கள் சிலருக்கு நான் இப்படிச் சொல்வது பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன்.

முதலில் பெட்டியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். 192.168 என்று தொடங்கும் ஓர் எண், யூசர் நேம், பாஸ்வேர்டு எல்லாம் பொடி எழுத்தில் அதில் இருக்கும். கண்ணுக்குப் பிடிபடாது, அதனால் செல்போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். அந்தப் போட்டோவை அழிக்காதீர்கள். நிறைய வீடுகளில் பெட்டியைச் சுவரில் உயரமாக மாட்டிவிடுகிறோம், பிறகு ஏணி போட்டால்தான் ஸ்டிக்கரைப் பார்க்க முடியும்.

அந்த ஸ்டிக்கரில் பெரும்பாலும் இரண்டு பாஸ்வேர்டுகள் இருக்கும். ஒன்று, செல்போனையும் டிவியையும் வைஃபையில் சேர்ப்பதற்கு. மற்றது, பெட்டியின் உள்பக்கத்தைத் திறந்து எதையும் மாற்றுவதற்கான அட்மின் பாஸ்வேர்டு. முன்னது வாசல் சாவி, பின்னது பீரோ சாவி. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

இப்போது செல்போன் உங்கள் வீட்டு வைஃபையில் இருக்கட்டும். மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். குரோம் பிரவுசரைத் திறந்து, மேலே முகவரி எழுதும் இடத்தில் அந்த 192 எண்ணை மட்டும் புள்ளிகளோடு அடியுங்கள். பல பெட்டிகளில் அது 192.168.1.1. ஜியோ பெட்டியில் 192.168.29.1. டிபி-லிங்க் ரூட்டர்கள் சிலவற்றில் 192.168.0.1. ஸ்டிக்கர் கிழிந்து போயிருந்தால் செல்போனின் வைஃபை செட்டிங்ஸில் உங்கள் இணைப்பின் பெயரைத் தொட்டுப் பாருங்கள். 'கேட்வே' அல்லது 'ரூட்டர்' என்று ஓர் எண் போட்டிருக்கும், அதுதான் இது. பக்கம் திறக்கும்போது 'பாதுகாப்பற்றது' என்று பிரவுசர் எச்சரித்தால் பயப்பட வேண்டாம். நீங்கள் பேசுவது வெளியுலகத்தோடு அல்ல, அந்த அறையில் இருக்கும் பெட்டியோடுதான்.

யூசர் நேமும் அட்மின் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போனதும் 'வயர்லெஸ்' அல்லது 'டபிள்யூலேன்' என்ற பகுதியைத் தேடுங்கள். ஒவ்வொரு கம்பெனிப் பெட்டியிலும் அது ஒவ்வொரு மூலையில் இருக்கும். அதற்குள் 'எஸ்.எஸ்.ஐ.டி.' என்பது வைஃபையின் பெயர். 'பாஸ்ஃபிரேஸ்', 'ப்ரீ-ஷேர்டு கீ', 'வயர்லெஸ் பாஸ்வேர்டு' என்று எப்படிப் போட்டிருந்தாலும் நாம் மாற்ற வேண்டியது அதைத்தான். ஒரு முக்கியமான விஷயம்: இப்போதைய பெட்டிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்கின்றன. இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் இருந்தால் இரண்டிலும் மாற்றுங்கள். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் பழைய ஆட்கள் அந்த வழியாக உள்ளே இருந்துகொண்டே இருப்பார்கள்.

புதிய பாஸ்வேர்டை அடிப்பதற்கு முன் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 'சேவ்' அல்லது 'அப்ளை' அழுத்திய உடனே உங்கள் செல்போனின் இணைப்பு அறுந்துவிடும். அப்படித்தான் ஆக வேண்டும். செல்போனில் பழைய இணைப்பை 'ஃபர்கெட்' கொடுத்து நீக்கிவிட்டு, புதிய பாஸ்வேர்டு போட்டுச் சேருங்கள். சில ஃபைபர் பெட்டிகளில் 'அப்ளை' கொடுத்தால் மட்டும் போதாது. 'கமிட்' என்று இன்னொரு பொத்தான் இருக்கும், அதையும் அழுத்தாவிட்டால் அடுத்த முறை கரண்ட் போய் வந்ததும் பழைய பாஸ்வேர்டே திரும்பிவிடும். நம் ஊரில் கரண்ட் போகாத வாரம் ஏது? அதனால் எல்லாம் முடிந்ததும் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டு, புதியதே நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இத்தனையும் வேண்டாம் என்றால் ஆப் வழியும் உண்டு. ஜியோ இணைப்புக்கு ஜியோஹோம், ஏர்டெல்லுக்கு ஏர்டெல் தேங்க்ஸ், டிபி-லிங்க் ரூட்டருக்கு டெதர். அவற்றிலேயே பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றலாம். ஆனாலும் ஒருமுறையாவது அந்த உள்பக்கத்தைத் திறந்து பாருங்கள் டீச்சர். இப்போது யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியல் அங்கே இருக்கும். பாஸ்வேர்டு மாற்றிய பிறகு அதில் உங்கள் வீட்டுச் சாமான்கள் மட்டும் இருந்தும் சாயங்காலம் மந்தமாகவே இருந்தால், குற்றம் மாடிக்காரர்கள் மேல் இல்லை. அக்கம்பக்கத்துப் பெட்டிகள் எல்லாம் ஒரே சேனலில், அதாவது அலைவரிசைக்குள் இருக்கும் ஒரே தடத்தில், மோதிக்கொள்வதாலும் அப்படி ஆகும். 2.4-ல் 1, 6, 11 என்ற மூன்று சேனல்கள்தான் ஒன்றையொன்று இடிக்காதவை. ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். பேத்தியோடு பேசும் செல்போனை 5 கிகாஹெர்ட்ஸில் சேர்த்துவிட்டுப் பெட்டி இருக்கும் அறையிலேயே உட்கார்ந்து பேசினால் இன்னும் நல்லது.

பாஸ்வேர்டு மாற்றிய மறுநாள் பெட்டியில் 'எல்.ஓ.எஸ்.' என்ற இடத்தில் சிவப்பு விளக்கு மின்னுகிறது. நான் ஏதாவது கெடுத்துவிட்டேனா?
- வாசகர், ராஜபாளையம்

இல்லை. ஃபைபர் கம்பியில் வெளிச்சம் வரவில்லை என்பதற்குத்தான் அந்த விளக்கு. எங்கோ கம்பி அறுந்திருக்கும் அல்லது பெட்டிக்குப் பின்னால் கம்பி மடங்கியிருக்கும். பாஸ்வேர்டுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. நெட்காரரைக் கூப்பிடுங்கள்.

அண்ணாச்சி, ஸ்டிக்கரில் உள்ள அட்மின் பாஸ்வேர்டை அடித்தால் தவறு என்கிறது. பின்னால் உள்ள சின்ன ஓட்டையில் ஊக்கு விட்டு அழுத்தினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று வீடியோவில் சொல்கிறார்கள். செய்து பார்க்கவா?
- வாசகர், சங்கரன்கோவில்

பொறுங்கள். ஊக்கைக் கீழே வையுங்கள்.

அந்த ரீசெட் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தினால் பெட்டி கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும் என்பது உண்மை. ஆனால் உங்கள் வீட்டுக்கு வந்து கனெக்‌ஷன் கொடுத்தவர் அதற்குள் போட்ட விவரங்களும் சேர்ந்தே அழியும். பல இணைப்புகளில், அதிலும் உள்ளூர் கேபிள்காரர் மூலம் வாங்கியவற்றில், நெட் கம்பெனியோடு பெட்டி இணைவதற்கென்று ஒரு பி.பி.பி.ஓ.இ. யூசர் நேமும் பாஸ்வேர்டும் வி-லேன் எண் ஒன்றும் பெட்டிக்குள் போட்டிருப்பார்கள். அது போனால் வைஃபை வரும், நெட் வராது. சில பெரிய கம்பெனிப் பெட்டிகள் கம்பி வழியாகத் தங்கள் விவரத்தைத் தானே திரும்ப எடுத்துக்கொள்ளும். எல்லாப் பெட்டியும் அப்படி அல்ல. சனிக்கிழமை ராத்திரி ரீசெட் அடித்துவிட்டுத் திங்கள்கிழமை வரை நெட் இல்லாமல் இருந்த வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். ஒரு வீட்டில் பையனுக்கு அன்றைக்கு ஆன்லைன் தேர்வு.

ஸ்டிக்கரில் உள்ளது வேலை செய்யவில்லை என்றால், பெரும்பாலும் கனெக்‌ஷன் கொடுத்தவர் அதை மாற்றியிருப்பார். அவரிடம் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. முழு அட்மின் உரிமையைக் கம்பெனி தராமல் இருக்கலாம், ஆனால் வீட்டுக்காரருக்கென்று ஒரு யூசர் கணக்கு பெரும்பாலான பெட்டிகளில் உண்டு, வைஃபை பாஸ்வேர்டு மாற்ற அது போதும். அதையும் தர மறுத்தால் அந்த ஆளிடம் அழுத்தியே கேளுங்கள்.

உள்ளே போனதும் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். இதை யாரும் செய்வதில்லை, என் ஆதங்கமே இதுதான். 2016-ல் மிராய் என்ற நச்சு நிரல் உலகம் முழுக்கப் பரவியது. அதற்குப் பெரிய சாமர்த்தியம் எதுவும் தேவைப்படவில்லை. கம்பெனி போட்டு அனுப்பிய ஏறத்தாழ 60 யூசர் நேம், பாஸ்வேர்டு ஜோடிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேமரா, ரூட்டர் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது. மாற்றாமல் விட்ட பெட்டிகள் எல்லாம் திறந்துகொண்டன. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அவற்றை ஒரே நேரத்தில் ஏவிவிட்டபோது அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் மணிக்கணக்கில் தடுமாறின. 2018-ல், பெரும்பாலும் பிரேசில் நாட்டு வீடுகளில், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ரூட்டர்களுக்குள் புகுந்து டி.என்.எஸ். என்ற முகவரி அமைப்பை மாற்றி வைத்தார்கள். வங்கியின் முகவரியைச் சரியாக அடித்தாலும் போலிப் பக்கம்தான் திறக்கும். வீட்டுக்காரர் செல்போனில் எந்தக் கோளாறும் தெரியாது, ஏனென்றால் கோளாறு பெட்டிக்குள் இருக்கிறது.

என் அம்மா எங்கள் வீட்டு வைஃபைக்கு அவர் செல்போன் எண்ணையே பாஸ்வேர்டாக வைத்திருக்கிறார். பத்து எழுத்து இருக்கிறதே, போதாதா என்கிறார். போதாது என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
- கல்லூரி மாணவி, நாகர்கோவில்

நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் அம்மாவிடம் காரணத்தோடு சொல்லுங்கள், அப்போதுதான் கேட்பார்.

உங்கள் செல்போன் வைஃபையில் சேரும்போது அதுவும் பெட்டியும் ஒரு கண நேரம் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. பாஸ்வேர்டு அதில் வெளிப்படையாகப் போகாது. ஆனால் தெருவில் லேப்டாப்போடு இருப்பவர் அந்தப் பரிமாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியும். பிறகு தன் வீட்டில் உட்கார்ந்து, இதுவா, இதுவா என்று ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பொருத்திப் பார்க்கலாம். டபிள்யூ.பி.ஏ.2 என்ற பாதுகாப்பு முறையில் இது நடக்கும், நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது அதுதான். அவர் முயல்வது உங்கள் பெட்டிக்குத் தெரியவே தெரியாது. அதனால் மூன்று முறை தவறினால் பூட்டிவிடும் என்ற கதை இங்கே இல்லை.

இப்போது கணக்குப் போடுங்கள். நம் நாட்டு செல்போன் எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி எண்கள். கேட்கப் பெரிதாகத் தெரியும். விளையாட்டுக்கு வாங்கும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட்ட ஒரு கம்ப்யூட்டர் இதைச் சில மணி நேரத்தில் முடித்துவிடும். பிறந்த தேதி இன்னும் மோசம். நூறு ஆண்டுத் தேதிகளை எல்லாம் சேர்த்தாலே 36,500 சொச்சம்தான். அம்மாவின் எண்ணைத் தெரிந்த தெருக்காரருக்கோ இந்த வித்தை எதுவுமே வேண்டாம், நேரே அடித்துப் பார்ப்பார்.

வைஃபை பாஸ்வேர்டு 8 எழுத்திலிருந்து 63 எழுத்து வரை இருக்கலாம். அந்த நீளத்தைப் பயன்படுத்துங்கள். அட் குறி, டாலர் குறி என்று போட்டு எல்லாரையும் வதைப்பதை விட, ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்தெழுதி, கடைசியில் இரண்டு இலக்கம் போடுவது எனக்குப் பிடித்த வழி. உதாரணத்துக்கு, துவரை, ஜன்னல், மாமா, புழுதி, 47. (இதையே வைத்துவிடாதீர்கள், பத்திரிகையில் வந்துவிட்டது.) குறளின் முதல் வரி, சினிமாப் பாட்டின் பல்லவி, தலைவர் பெயர், சாமி பெயர் வேண்டாம். ழகரம் வரும் சொல்லை எடுத்தால் வீட்டில் எல்லாரும் அதை எப்படி எழுதுவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார், அப்புறம் பாஸ்வேர்டு சரியில்லை என்று எனக்குப் போன் வரும்.

என் மகள் பெங்களூருவிலிருந்து வந்தபோது வைஃபை போட்டுக் கொடுத்தாள். பாஸ்வேர்டு என்னவென்று எனக்குத் தெரியாது. மாற்ற விருப்பமில்லை, தெரிந்துகொண்டால் போதும்.
- வாசகர், கோயம்புத்தூர்

உங்கள் செல்போன் ஏற்கெனவே அந்த வைஃபையில் இருக்கிறது அல்லவா, அதுவே சொல்லிவிடும். ஆண்ட்ராய்டு 10-க்குப் பிறகு வந்த போன்களில் வைஃபை செட்டிங்ஸில் இணைப்பின் பெயரைத் தொட்டு 'ஷேர்' கொடுத்தால், கைரேகை கேட்டுவிட்டு ஒரு கியூ.ஆர். கட்டம் காட்டும். பல போன்களில் அதன் கீழேயே பாஸ்வேர்டும் எழுத்தில் இருக்கும். ஐபோனில் ஐ.ஓ.எஸ். 16 முதல் செட்டிங்ஸிலேயே பார்க்கலாம். அந்தக் கட்டத்தைத் தெரியாதவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், அதற்குள் பாஸ்வேர்டு அப்படியே இருக்கிறது.

பாஸ்வேர்டை மாற்றியதிலிருந்து வாசல் கேமராவும் ஸ்மார்ட் பிளக்கும் சேரவில்லை. டிவியும் செல்போனும் சரியாகிவிட்டன. வீட்டில் எல்லாரும் என்னைத் திட்டுகிறார்கள் அண்ணாச்சி.
- இல்லத்தரசி, விருதுநகர்

நீங்கள் செய்தது சரியான காரியம் அக்கா, திட்டு வாங்க வேண்டியதில்லை. டிவிக்குத் திரையும் ரிமோட்டும் இருக்கின்றன, புதிய பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கிக்கொண்டது. கேமராவுக்கும் பிளக்குக்கும் அது இல்லை. பழைய பாஸ்வேர்டை மனதில் வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கும். அவற்றின் ஆப்பைத் திறந்து, புதிதாக வாங்கியது போல முதலிலிருந்து சேர்க்க வேண்டும். கேமராவில் ரீசெட் பொத்தான் இருக்கும், இங்கே அதை அழுத்தலாம். மெமரி கார்டில் உள்ள பதிவு தேவை என்றால் அழுத்துமுன் கார்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் சேரவில்லை என்றால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். இந்த மாதிரிச் சின்னச் சாமான்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் வேலை செய்யும். சேர்க்கும் நேரத்தில் உங்கள் செல்போனும் 2.4-ல் இருக்கட்டும். அடுத்தது பாதுகாப்பு முறை. பாஸ்வேர்டை மாற்றும்போது அதே பக்கத்தில் டபிள்யூ.பி.ஏ.3 என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். அது 2018-ல் வந்த புதிய முறை, நல்லதுதான், ஆனால் பழைய சாமான்களுக்குத் தெரியாது. 'டபிள்யூ.பி.ஏ.2/டபிள்யூ.பி.ஏ.3' என்று இரண்டும் கலந்த தேர்வு இருந்தால் அதை வையுங்கள். இல்லாவிட்டால் டபிள்யூ.பி.ஏ.2 போதும். பட்டியலில் டபிள்யூ.இ.பி. என்று ஒன்று இருந்தால் அதன் பக்கம் போக வேண்டாம். அது 2001-லேயே உடைக்கப்பட்ட பூட்டு.

பின்னால் பெட்டியையே மாற்றும் நாள் வந்தால், புதிய பெட்டியிலும் இதே பெயரையும் இதே பாஸ்வேர்டையும் எழுத்துப் பிசகாமல் வைத்துவிடுங்கள். கேமரா, பிளக் எல்லாம் ஆள் மாறியதே தெரியாமல் தாமாகச் சேர்ந்துகொள்ளும்.

வைஃபைக்குத் தமிழில் பெயர் வைக்க முடியுமா? 'அன்பு இல்லம்' என்று வைக்கப் பார்த்தேன், பெட்டி ஏற்கவில்லை.
- வாசகர், தூத்துக்குடி

வைக்கலாம், ஆனால் பெயர் சின்னதாக இருக்க வேண்டும். வைஃபை பெயருக்கு 32 பைட் இடம்தான். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் பிடிக்கும், புள்ளிக்குத் தனியாக மூன்று, கால், கொம்புக்குத் தனியாக மூன்று. 'அன்பு இல்லம்' என்பதில் 11 குறியீடுகளும் ஓர் இடைவெளியும் இருக்கின்றன, கூட்டினால் 34 பைட். இடைவெளியை எடுத்தாலும் 33, ஒரே ஒரு பைட்டில் இடிக்கிறது. 'அன்பகம்' என்று வைத்துப் பாருங்கள், 21 பைட்டில் அடங்கிவிடும். சில பழைய பெட்டிகளின் பக்கம் தமிழெழுத்தை ஏற்பதே இல்லை. சில டிவிக்களில் கட்டம் கட்டமாகத் தெரியும். மலிவு விலை ஸ்மார்ட் பிளக்குகள் சேரவும் மறுக்கலாம். பாஸ்வேர்டு மட்டும் தமிழெழுத்தில் வைக்க முடியாது, அதற்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் குறிகளும்தான்.

நம் மொழியில் பெயர் வைக்கும் ஆசை எனக்கும் பிடித்திருக்கிறது. கதவு எண்ணையும் உங்கள் பெயரையும் மட்டும் அதில் போடாதீர்கள். தெருவில் போகிற எல்லார் செல்போனிலும் அது தெரியும்.

வைஃபை பெயரை மறைத்துவிட்டால் யாரும் நுழைய முடியாது என்கிறார் என் ரூம்மேட். இன்னொருவர் மேக் ஃபில்டர் போடச் சொல்கிறார்.
- வாசகர், சென்னை

இரண்டிலும் உழைப்புக்கு ஏற்ற பலன் இல்லை. மறைத்த பெயரைக் கண்டுபிடிக்க இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. மேக் ஃபில்டர் என்பது, ஒவ்வொரு சாமானுக்கும் உள்ள மேக் முகவரி என்ற அடையாள எண்ணைப் பார்த்து, பட்டியலில் உள்ளவற்றை மட்டும் உள்ளே விடுவது. அந்த முகவரியைப் பொய்யாகவும் காட்டலாம். இப்போதைய செல்போன்கள் வேறு ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு மாற்று முகவரியைக் காட்டுகின்றன, அதனால் உங்கள் சொந்த போனே வெளியே நின்றுவிடும்.

அதற்குப் பதில் டபிள்யூ.பி.எஸ். என்பதை அணைத்து வையுங்கள். பொத்தானை அழுத்தி அல்லது எட்டு இலக்கப் பின் எண் போட்டு வைஃபையில் சேரும் வசதி அது. அதன் ஓட்டை 2011-ல் வெளிவந்தது. எட்டு இலக்கம் என்றால் கோடிக்கணக்கில் முயல வேண்டும் என்றுதானே நினைப்போம்? பெட்டி முதல் நான்கை ஒரு தடவையும் அடுத்ததை இன்னொரு தடவையும் தனித்தனியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கமோ மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது. ஆக 10,000-மும் 1,000-மும் சேர்த்து 11,000 முயற்சிகள்தான். இந்த வழியில் ஒருவர் நுழைந்துவிட்டால் நீங்கள் எவ்வளவு நீளப் பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் அது அவர் கைக்குப் போய்விடும்.

டீக்கடை வைத்திருக்கிறேன். மாடியில்தான் வீடு, ஒரே வைஃபை. காலேஜ் பையன்கள் டீ குடித்துக்கொண்டே பாஸ்வேர்டு கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் முகம் சுளிக்கிறார்கள். என்ன செய்ய?
- வாசகர், திருச்சி

முகம் சுளித்தாலும் வீட்டுப் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். கெஸ்ட் நெட்வொர்க் என்று ஒன்று பெரும்பாலான பெட்டிகளில் உண்டு. தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு. அதில் இருப்பவருக்கு நெட் கிடைக்கும், உங்கள் மாடியில் உள்ள கேமராவோ கம்ப்யூட்டரோ அவர் கண்ணில் படாது. உறவினர் வந்தாலும் இதையே கொடுக்கலாம், கல்யாண வீடு முடிந்ததும் அணைத்துவிடலாம்.

ஆனால் உங்கள் விஷயத்தில் அதுவும் போதாது அண்ணாச்சி. கெஸ்ட் வழியாக யார் என்ன செய்தாலும் வெளியில் தெரிவது உங்கள் இணைப்பின் முகவரிதான். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சில நிமிடங்கள் முன்பு டிவி சேனல்களுக்கு மிரட்டல் மின்னஞ்சல் போனது. முகவரியைப் பிடித்துக்கொண்டு போலீஸ் போனது நவி மும்பையில் வாடகைக்கு இருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டுக்கு. அவருடைய வைஃபையை வெளியாட்கள் பயன்படுத்தியிருந்தார்கள். அவருக்கும் அந்தச் சதிக்கும் தொடர்பில்லை, ஆனாலும் போலீஸ் விசாரணையில் அவர் சிக்கிக்கொண்டார்.

கடைக்காரர் முறையாக வைஃபை கொடுக்க ஒரு வழி இருக்கிறது. 2020 டிசம்பரில் மத்திய அரசு பி.எம்.-வானி என்ற திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. டீக்கடை, மளிகைக்கடை போன்ற இடங்களே சின்ன வைஃபை நிலையங்களாக இருக்கலாம், அதற்கு லைசென்ஸும் கட்டணமும் கிடையாது. வருகிறவர் தன் எண்ணைச் சரிபார்த்துக்கொண்டுதான் நுழைவார். உங்கள் நெட் நிறுவனத்திடம் இதைப் பற்றிக் கேளுங்கள். அதுவரை பையன்களுக்கு டீ மட்டும் போதும்.

நான் துபாயில் வேலை செய்கிறேன். ஊரில் அம்மா தனியாக இருக்கிறார். "உங்கள் வைஃபையை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள், பாஸ்வேர்டு மாற்ற வேண்டும், இந்த ஆப்பை ஏற்றுங்கள்" என்று அம்மாவுக்கு ஒரு போன் வந்திருக்கிறது. நல்ல வேளையாக அம்மா என்னைக் கேட்டார். இப்படிக் கம்பெனியிலிருந்து கூப்பிடுவார்களா?
- வாசகர், துபாய் (சொந்த ஊர் கழுகுமலை)

கூப்பிட மாட்டார்கள். அம்மா உங்களைக் கேட்டது பெரிய காரியம், அதை அவரிடம் சொல்லுங்கள்.

அந்த ஆப் பெரும்பாலும் செல்போன் திரையை அவர்கள் பார்க்க வைக்கும் ஆப்பாகத்தான் இருக்கும். ஏற்றிவிட்டால் வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி.யை அவர்கள் அங்கிருந்தே படித்துவிடலாம். அவர்களுக்கு உங்கள் வைஃபை தேவையே இல்லை. பாஸ்வேர்டு என்றால் வயதானவர்கள் பயந்துவிடுவார்கள் என்று தெரிந்து அந்தச் சொல்லைத் தூண்டிலாகப் போடுகிறார்கள். வைஃபை பாஸ்வேர்டு மாற்ற, போனில் கூப்பிடுகிறவரிடம் ஓ.டி.பி., ஆதார் எண், ஏ.டி.எம். கார்டு எண் எதையும் அம்மா சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒன்றை அவர் நினைவில் வைத்தால் போதும்.

கம்பெனி ஆப் உள்ள இணைப்பாக இருந்தால், அது யார் எண்ணில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் எண்ணில் இருந்தால் துபாயிலிருந்தே பாஸ்வேர்டை மாற்றிவிடலாம். அதற்கு முன் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் திடீரென்று இணைப்பு போய் அவர் பதறிவிடுவார். புதிய பாஸ்வேர்டை அவரே நோட்டில் எழுதி, எழுத்தெழுத்தாக உங்களுக்குப் படித்துக் காட்டட்டும். அம்மாவின் போனில் ஏற்கெனவே எதையாவது ஏற்றியிருந்தால் முதலில் வைஃபையையும் டேட்டாவையும் அணைத்துவிட்டு ஆப்பை நீக்கச் சொல்லுங்கள், வங்கிக்குப் பேசுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணைக் கூப்பிட வேண்டும். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பிருக்கிறது. துபாயிலிருந்து அந்த எண்ணைப் பிடிப்பது சிரமம், அதனால் ஊரில் அம்மா நம்பும் ஒருவர் செல்போனிலும் 1930-ஐப் பதிந்து வைக்கச் சொல்லுங்கள்.